நெடுந்தீவுக் கசெற்

விற்பனையாகாமல் தோற்றுப்போன ஒரு வீடியோ கேம் பெட்டியின் விளையாட்டுகளை, அழிந்துபோகாமல் கணினிக்கு மாற்றிவைப்பது என் பைத்தியம். எங்கு தேடியும் அகப்படாத கடைசி விளையாட்டு அடங்கிய கசெற், நெடுந்தீவில் மீன்பிடிக் குடும்பத்து மேரி அக்காவிடம் இருப்பதாக அறிந்து ஓடினேன். கேட்டால் தரமாட்டாரோ என்ற பதற்றத்தில், அதைப் பார்க்கவென்று கையில் வாங்கியதுமே பொய் சொன்னேன்.

“இது பழுது அக்கா. இனி ஓடாது.”

“அப்ப நீரே கொண்டுபோம், தம்பி.”

ஊர்காவற்றுறையில் என் வீட்டுக்குத் திரும்பி விளையாட்டைப் பிரதி எடுத்து முடித்தேன். இரண்டு வருடம் தேடியது கிடைத்தும் இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் கசெற்றோடு மறுபடி படகு ஏறினேன்.

“நான் பொய் சொன்னனான் அக்கா. இது நல்லா ஓடுது.”

“ஓம், தெரியும். நீர் வந்ததுக்கு முதல் நாளும் அதிலதான் விளையாடினனான்.”

“பிறகேன் தந்தனீங்கள்?”

“வாங்கேக்க அதைக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் பிடிச்சனீர். இவ்வளவு ஆசைப்படுற ஆளிட்ட இருக்கட்டும் எண்டு நினைச்சன்.”

அவர் கசெற்றைத் தன் வீடியோ கேம் பெட்டியில் செருகிவிட்டு, எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

அந்த விளையாட்டை இப்போது யாரும் கணினியில் விளையாடலாம். நான் திறந்தால் ஐந்து நிமிடம் இருக்க ஏலாமல் எழுந்து நடக்கிறேன். பொய் சொல்லாமல் கேட்டிருந்தாலே அக்கா தந்திருப்பார்.