ஏழாம் நாள் வெட்டிய ஆற்றுவாய்

வட்டவிதானை என்றால் ஒரு வட்டையின், அதாவது ஒரு வயல்வெளியின், வயல்களுக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவர், வடிக்கிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கல்முனைப் பக்கம் நான் அந்த வேலை பார்த்தேன். இப்போது பொறுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்காக ஒரு மாரியைப் பற்றி எழுதுகிறேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

மழை கூடினால் எங்கள் வயல் தண்ணீர் கடலோரக் காயலான களப்பில் போய் நிற்கும். களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல் திட்டு. ஆற்றுவாய் என்கிற அந்த இடத்தை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும். ஆனால் இறாலும் மீனும் கூடவே போய்விடும். அதனால் களப்பில் வலை போடுகிறவர்களோடு ஒரு பேச்சு: வயல் மூழ்கி ஏழாம் நாள்தான் வெட்டு. பழைய நெல் ஏழு நாள் தண்ணீருக்குள் கிடந்தாலும் எழும்பிவிடும்.

அந்த வருஷம் புது நெல்லுக்குத்தான் நெல் வாங்குகிற ஸ்டோரில் நல்ல விலை. பழைய நெல்லைச் சீண்ட ஆளில்லை. வட்டை முழுக்கப் புது விதை போட வைத்தவன் நான். என் மனைவியின் காக்கா, மூத்த அண்ணன், ஆதம்பாவா மச்சான் மட்டும் தயங்கினார். களப்போரத்தில் போடியார் ஒருவரின் வயலைக் குத்தகைக்குச் செய்தவர். முந்திய போகம் அவருக்குப் பிழைத்து, விளைச்சல் இல்லாமல் போய்விட்டது. இதுவும் பிழைத்தால் வயலை வேறு ஆளுக்குக் கொடுப்பதாகப் போடியார் சொல்லியிருந்தார். நான் விடாமல் கதைத்து மச்சானையும் சம்மதிக்க வைத்தேன்.

மழை கொட்டியது. வயல் மூழ்கிய மூன்றாம் நாள் மச்சான் நனைந்தபடி வந்தார்.

"கைய விட்டுப் பாத்தன், இலை வழுவழுக்குது. இண்டைக்கு வெட்டுங்க மச்சான்."

"ஏழு நாள் எண்டு பேசின பேச்சி. வலைக்காரர்ட முகத்தில நான் எப்பிடி முழிக்கிற?"

"அது பழைய நெல்லுக்குப் பேசினது. இது ஏழு நாள் தாங்குமெண்டு ஆருக்குத் தெரியும்?"

"எழும்பும் மச்சான். பயப்பிடாதீங்க."

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல விதானைப் பதவி விடவில்லை. என்ன மடையன் நான்!

ஏழாம் நாள் வெட்டினோம். தண்ணீர் வடிந்தது. மேட்டு வயல்கள் ஓரளவு தப்பின. மச்சானின் வயலில் அழுகல் நாற்றம். அவர் குனிந்து ஒரு பிடி பயிரை இழுத்தார். வேர் சேற்றிலேயே நின்றுவிட்டது.

வலைக்காரரில் மூத்தவரிடம் இதைச் சொன்னேன்.

"மூணாம் நாளே வந்து கேட்டிருந்தா நாங்க மாட்டமெண்டா சொல்லியிருப்பம், விதானையார்?" என்றார்.

நான் கேட்கவே இல்லை.

வயல் கைமாறியது. மச்சான் மருதமுனைக்குப் போய் இன்னொருவரின் தறியில் கூலிக்கு உட்கார்ந்தார்.

விதையை மாற்றும் அன்றைக்கே, பழைய விதையை நம்பிப் பேசிய தவணைகளையும் எடுத்துப் பாருங்கள் பிள்ளைகளே. அடுத்த விதைப்புக் கூட்டத்தில் ஏழாம் நாளை மூன்றாம் நாள் என்று மாற்றினோம். வலைக்காரர், வயல்காரர் எல்லாரும் ஓம் என்றார்கள். அதை முதலில் கேட்டவர் அங்கே இல்லை. வலைக்காரரைத் தவிர, கையில் வயல் உள்ளவர்களை மட்டும்தான் கூட்டத்துக்கு அழைப்பது வழக்கம்.