முட்டி போட முடியாதவன்

ராயபுரத்தில் குடியிருந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன் நான். முதுகுவலி நாள்பட்டதும் வேலையை விட்டுவிட்டுப் பலகையில் படுத்தே கிடந்தேன். அசைந்தால் முதுகெலும்பு முறிந்துவிடும் என்று பயம். ஞாயிறு பூசைக்கு மட்டும் எழுந்து மாதா கோயிலுக்குப் போவேன்.

1960களின் கடைசியில் எங்கள் தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டரம்மா, முதுகைத் தட்டி, காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார். "வலியால எதைச் செய்ய முடியலைன்னு ரொம்ப வருத்தப்படுறீங்க?"

"கோயில்ல எல்லாரும் முட்டி போடுறாங்கோ. நான் மட்டும் மரமாட்டம் நின்னுகினு கீறேம்மா." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"எலும்புக்கு ஒண்ணுமில்லை. வலி முழுசாப் போகும்னு சொல்லமாட்டேன். ஆனா படுத்தே கிடக்காம தினமும் நடங்க. முட்டி போட்டுடலாம்."

நடந்தேன். சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, தூணைப் பிடித்தபடி மண்டியிட்டேன். வலி போகவில்லை. அதுவும் என்னோடு மண்டியிட்டது.