இரண்டு கார்டு, இரண்டு கேட்வே

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், கோவில்பட்டியில் எனக்குப் பழக்கமான தீப்பெட்டி ஆபீஸிலிருந்து போன். "நெட்டு சுத்தமா இல்ல. லாரி லோடாகி நிக்கி, பில் போட முடியல. உடனே வாரும்" என்றார் முதலாளி.

அங்கே நான் வைத்துக் கொடுத்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்று குடோனுக்கு, மற்றது இன்டர்நெட்டுக்கு. மொத்த ஆபீஸும் அதன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வைத்த நாளிலிருந்து நிற்காமல் ஓடிய அதை, ஆயுத பூஜைக்குத்தான் முதல்முறையாக அணைத்திருந்தார்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் காலையில்தான் திரும்பப் போட்டிருந்தார்கள்.

நான் போனபோது டிரைவர், லோடுமேன்கள், பேக்கிங் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்கு எழுதும் பேச்சியம்மாளை முதலாளி வைதுகொண்டிருந்தார். "ஈரத்துணிய வச்சுத் தேச்சிருப்ப."

"காஞ்ச துணிதான் முதலாளி. வயரத் தொடவே இல்ல."

நானாவது சும்மா இருந்திருக்கலாம். அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைப் பார்க்கும் முன்பே, "பூஜைன்னு கண்டதையும் நோண்டுனா இப்படித்தான் ஆகும்" என்றேன். 

கேபிள் இரண்டும் சரியாகத்தான் இருந்தன. எது எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட் டேபிளைப் பார்த்தேன். வெளியே போகும் பொது வழியான டிஃபால்ட் ரூட், ஒன்றுக்குப் பதில் இரண்டு இருந்தது. வெளியே போக வேண்டியதையெல்லாம் பெட்டி குடோன் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது.  இந்தச் சித்திரையில் பெட்டியை வைத்தபோது, செட்டிங்கில் ஒரு கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல், குடோன் கார்டுக்கும் கேட்வே என்கிற வெளிவாசல் முகவரியைக் கொடுத்தவன் நான். அப்போதே நெட் தகராறு செய்ததும், ஓடிக்கொண்டிருந்த டேபிளில் மட்டும் அதை அழித்துவிட்டு, பெட்டி ஒவ்வொரு முறை போடும்போதும் படிக்கும் கான்ஃபிக் ஃபைலை அப்படியே விட்டுவிட்டேன். அணைத்துப் போட்டதும் அது திரும்ப வந்துவிட்டது.

ஃபைலில் அந்த வரியை எடுத்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். நெட் வந்தது, லாரி கிளம்பியது.

"நீரு வந்ததால தப்பிச்சோம். ஏட்டி பேச்சியம்மா, இனி அது பக்கமே போகக்கூடாது" என்றார் முதலாளி. தப்பு என்னுடையது என்று சொல்லாமல், கொடுத்த டீயை வாங்கிக் குடித்தேன். எழுதும்போதும் கூசுகிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரூட்டை மாற்றினால் ஃபைலிலும் மாற்றுங்கள். ரீஸ்டார்ட் செய்து, கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெட்டியைப் பார்க்கும் முன் யார்மேலும் பழி போடாதீர்கள்.

தீபாவளி முடிந்து பிரிண்டர் வேலையாக மறுபடி போனேன். பேச்சியம்மாள் தன் மேஜைக் கம்ப்யூட்டரைக்கூடத் தானாகப் போடவில்லை. என்னைப் போடச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளியைக் கூப்பிட்டு, அவள் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதான் அன்னைக்கே சரியாயிட்டுல்லா, விடும்" என்று அவர் சிரித்தார்.

அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு எல்லாரும் நின்னு பாத்தாவ அண்ணாச்சி. இப்ப நம்ம மூணு பேருதான இருக்கோம்" என்றாள்.

பிறகு, "வாங்க" என்று, எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்த பேக்கிங் ஹாலைப் பார்த்து நடந்தாள். நானும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனேன்.