இரண்டு போத்தல் புலிவண்டு

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தாப்பாவில் பஸ் ஏறினோம். மலைமேல் தானா ராத்தா வரை சுமார் அறுபது கிலோமீட்டர், முழுக்க வளைவு. நாங்கள் வழியிலேயே ரிங்லெட்டில் இறங்கிக்கொண்டோம். கூட வந்தவர் மீனா டீச்சர். என் வீட்டு மேலறையில் வாடகைக்கு இருக்கிறார். பள்ளிக்கூட வேலையோடு மேல்படிப்புக்காக மூன்று வருடமாகப் புலிவண்டைப் பற்றி எழுதுகிறார். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் நான் கொழுந்து எடுத்தவள், பாதை தெரியும் என்று கூப்பிட்டார்.

புலிவண்டு சுண்டுவிரல் நகமளவு இருக்கும். நாம் நடந்தால் நாலடி முன்னால் பறந்து உட்கார்ந்து, நம்மைத் திரும்பிப் பார்க்கும். கீழ்த்தோட்டத்து வண்டும் மேல்தோட்டத்து வண்டும் ஒரே இனமா, இரண்டா? இரண்டென்றால் மேலே உள்ளதற்கு இன்னும் பெயர் இல்லை, டீச்சர் வைக்கலாம். ஒன்றென்றால் மூன்று வருடமும் வீண். முதுகுப் புள்ளியை நம்ப முடியாதாம். ஒரே இடத்து வண்டுகளிலேயே ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு ஆறு. ஊருக்குப் போய் ஆண் வண்டின் உள்ளுறுப்பைப் பார்த்தால்தான் ஓரளவு தெரியும் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ரிங்லெட்டில் எனக்குத் தெரிந்த மணியம் வாடகை வேனோடு காத்திருந்தான்.

"பூச்சி பிடிக்க இவ்ளோ தூரமா? என் வீட்டுல கரப்பான் நெறைய இருக்கு லா. டூயிட் வேணாம், காசில்லாம சும்மாவே தர்றேன்."

"அதுக்குப் பேரு இருக்குண்ணே," என்றார் டீச்சர்.

மதியத்துக்குள் கீழ்த்தோட்டத்தில் ஏழு பிடித்தோம். மூன்று மணிக்குக் கியா பார்முக்கு மேலே, மேல்தோட்டத்தில் ஐந்து. ஒவ்வொரு இடத்துக்கும், வண்டு கெடாமலிருக்க மருந்து ஊற்றிய ஒரு போத்தல்.

ஐந்து மணிக்குப் பிரிஞ்சாங்கில், ஒரு பாயின் கடைக்கு மேலே அறை எடுத்தோம். டீச்சர் குளிக்கப் போனார். இரண்டு போத்தலும் அரைகுறையாகக் குலுங்கின. கொழுந்தை நிறுப்பதற்கு முன்னால் அரைக்கூடைகளை ஒன்றாகக் கொட்டிக்கொள்வது எங்கள் பழக்கம். அதேபோல் ஒரு போத்தலை மற்றதில் கொட்டி, காலிப் போத்தலைக் கழுவியும் வைத்தேன்.

டீச்சர் போத்தல்களில் ஒட்டச் சீட்டு எழுத உட்கார்ந்து, எந்த ஊர் வண்டு என்பதுதான் முக்கியம் என்று பேனாவைத் திறந்தபோது எனக்கு உறைத்தது. ஏழும் ஐந்துமாகப் பிரித்து வைத்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு சொல்லிவிட்டேன்.

டீச்சர் பன்னிரண்டையும் வெள்ளைத் தட்டில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பிரித்தார். ஆறும் ஆறும் வந்தது. கலைத்துவிட்டு மறுபடி பிரித்தார். நாலும் எட்டும்.

"கலந்தது நீங்க. பிரிக்கத் தெரியாதது நான்," என்றார்.

"அப்ப ஒண்ணுதானா டீச்சர்?"

"அதையும் இப்ப சொல்ல முடியாதும்மா. ஆனா இந்தப் பன்னெண்டும் எதுக்கும் ஆகாது."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வேன் வந்தது.

"மறுபடியுமா? நேத்து பிடிச்சது ஓடிப்போச்சா?" என்றான் மணியம்.

"நான்தான் கொழப்பிட்டேன்ணே," என்றார் டீச்சர். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

வெயில் குறைவு. மேலே மூன்றும் கீழே நாலும்தான் கிடைத்தன. மூன்றரை மணி பஸ்ஸில் தாப்பாவுக்கு இறங்கினோம். முன்பெல்லாம் இந்த மலையிலிருந்து இறங்கும்போது என் கை காலியாக இருக்கும். இந்தத் தடவை இடது கையில் கீழ்த்தோட்டம், வலது கையில் மேல்தோட்டம். வளைவில் கம்பியைப் பிடிக்க முடியாமல் ஆடிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணக் குடுங்கம்மா, விழுந்துடுவீங்க," என்று டீச்சர் கை நீட்டினார்.

"இது மேல," என்று சொல்லிக் கொடுத்தேன்.