அப்பா பீடிக்குப் போன கோடை

சோறு வடிக்கும்போது எழும் கஞ்சி ஆவியின் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கோடைதான் நினைவுக்கு வரும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் அதுவரை குக்கர் சோறுதான். அம்மாவின் வேலை வீட்டுக்குள் வந்த பிறகு, விசில் சத்தம் ஃபோனில் கேட்டுவிடும் என்று குக்கர் பரணுக்கு ஏறிவிட்டது.

அம்மாவுக்கு ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களோடு ஃபோனில் பேசும் வேலை. புதுச்சேரி அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தவள், கொரோனா இரண்டாம் அலையில் எங்கள் படுக்கையறைக் கட்டிலில் ஹெட்போனோடு உட்கார்ந்து பேசினாள். பேச்செல்லாம் பதிவாகும், அதை எங்கோ ஒருவர் உட்கார்ந்து கேட்பார், வீட்டுச் சத்தம் கேட்டால் எச்சரிக்கை வரும். தம்பி அழுததற்கு ஏற்கெனவே ஒன்று வந்திருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்ததால் பிள்ளைகளை ஏற்றிப்போகும் அப்பாவின் வேன் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. எங்கள் எல்லோருடைய சாப்பாடும் அம்மாவின் அந்த வேலையில்தான் இருந்தது.

ஆகவே வாயைக் கட்டிக்கொண்டு வாழப் பழகினோம். நானும் தம்பியும் சண்டையைக்கூடக் கிள்ளிக்கொண்டே முடித்தோம். அப்பாவின் தங்கையான அத்தை, சென்னையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தவள், "அண்ணி ஃபோன் கால்ல இருக்குது" என்பதைக் கண்ணாலேயே சொல்லுவாள். மாலை ஜெபமாலையும் உதட்டசைவில்தான். "உங்க கணவரோட இறப்புச் சான்றிதழை அனுப்புங்க மேடம்" என்று அம்மா உள்ளே யாரிடமோ தணிந்து சொல்வது, நாங்கள் முழங்காலில் நிற்கும் கூடம்வரை கேட்கும்.

அந்த நாட்களில்தான் அப்பா "பின்னாடி" போகத் தொடங்கினார். கொல்லையில் குளியலறைக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு, கண் சிவந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார். ஜெபமாலைக்கு நடுவிலும் எழுந்து போவார். தவக்காலத்தில் மாதா கோயிலில் நேர்ந்துகொண்டு பீடியை விட்டவர் அவர் என்பதால் எங்களுக்கெல்லாம் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கத்தில் வராமல் ஒதுங்கியதைக்கூட, வாடை தெரிந்துவிடும் என்று பயப்படுவதாக அத்தை விளக்கிவிட்டாள்.

"நேர்ந்துகினு விட்டதை மறுபடி புடிக்கிறியே அண்ணே, மாதா சும்மா உடுவாங்களா?" என்று கேட்டாள். அப்பா மறுக்கவில்லை, தலையைக் குனிந்து சிரித்தார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த அம்மா, "சாமிகிட்டயே பொய் சொல்லிக்கினு எங்கூட பேச வராதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பா வேனிலேயே படுத்துக்கொண்டார். ரோஷம் என்று நினைத்தோம்.

ஒரு மதியம், காய்ந்த துணியை எடுக்கப் பின்பக்கம் போன அத்தை, அப்பா சுவரோரமாகக் குந்தியிருப்பதைப் பார்த்தாள். பீடி இல்லை. துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க இருமிக்கொண்டிருந்தார். "அண்ணீ! ஜல்தி வா!" என்று அத்தை போட்ட கூச்சல்தான் அந்த வீட்டில் பல வாரங்களுக்குப் பிறகு எழுந்த பெரிய சத்தம். ஹெட்போன் கழுத்தில் தொங்க அம்மா ஓடி வந்தாள். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே கையை அசைத்தார்.

"கத்தாதீங்க... நீ உள்ள போ. வேலை பூடும்."

அவர் பேசி நாங்கள் கேட்டது அதுதான் கடைசி. விழுப்புரத்துக்கு ஏற்றிப்போன ஆம்புலன்ஸ் அவரைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.

அந்தக் கூச்சலுக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. பதிவைக் கேட்டவர் யாரோ, பேசாமல் விட்டுவிட்டார். அதை நினைத்தால் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது. தன் வீட்டில் வாய்விட்டு இரும அந்த மனிதருக்கு இடமில்லாமல் போயிற்றே.

இப்போது வேனை விற்றாயிற்று. அத்தை சென்னைக்குத் திரும்பிவிட்டாள். நான் கல்லூரிக்குப் போகிறேன். அம்மா வாரத்தில் சில நாள் இன்னும் அதே கட்டிலில் உட்கார்ந்துதான் பேசுகிறாள். நானும் தம்பியும் படிப்பில் மூழ்கி வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டால் போதும், "ஒரு நிமிஷம் சார்" என்று வாடிக்கையாளரை நிறுத்திவிட்டு எழுந்து வந்து கதவைத் திறக்கிறாள்.

"இன்னா, சத்தத்தையே காணோம்? எதுனா பேசிக்கினு இருங்க."