தைத்த பிறகுதான் டிரிம்மிங்

கணினித் திரையின் கீழ் விளிம்பில் ஒட்டியிருந்த எண் ஸ்டிக்கர்களைத்தான் முதலில் கவனித்தேன். வெட்டிய துணிகள் மாறிவிடாமல் இருக்கக் கட்டிங் பிரிவில் ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர்கள், ஒன்று முதல் பதினான்கு வரை. ஒட்டியவர், தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் பிரிவு அக்கா. பத்திரிகை வேலையை விட்டு, அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வருடம் அது.

புதிதாக வரும் பெண்களுக்கு வேலையை விளக்க ஒரு சின்ன வீடியோ படம் வேண்டும் என்றார் மேனேஜர். அக்கா தன் போனில் பதினான்கு புகைப்படங்கள் எடுத்து, இலவச எடிட்டிங் மென்பொருளில் ஸ்டோரிபோர்டாக அடுக்கினார். படம் நன்றாக வந்தால் பயிற்சியாளர் வேலை அவருக்கு. இல்லையென்றால் கோவையிலிருந்து ஆள் வரும். பன்னிரண்டு வருடம் செக்கிங் மேசை முன் நின்றே கழித்தவர் அவர். பயிற்சியாளர் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்பதை என்னிடம் இரண்டு முறை சொன்னார்.

ஒவ்வொரு புகைப்படமும் அவருக்கு, வெட்டிய துணிபோல ஒரு 'பீஸ்'. தையலுக்குத் துணியில் கொஞ்சம் கூடுதலாக விடுவதுபோல, ஒவ்வொன்றிலும் ஒரு விநாடி கூடுதலாக விட்டிருந்தார். அவர் பேசிப் பதிவு செய்த விளக்கக் குரலைச் சேர்க்கும் முன்பே அதை வெட்டிவிடலாமே என்றேன்.

"ஏனுங்க சார், தைக்காம எங்கயாச்சும் டிரிம்மிங் பண்ணுவாங்களா?"

கம்பெனியில் பிசிறு வெட்டும் டிரிம்மிங்தான் கடைசி வேலை. குரலைப் பொருத்தி முடித்த பிறகு, பதினான்கு பீஸின் ஓரத்தையும் வெட்டினார். வெட்ட வெட்டப் புகைப்படங்கள் முன்னால் நகர்ந்தன. குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. பேச்சு பின்தங்கியதை இருவரும் கவனிக்கவில்லை.

கேன்டீன் சுவரில் படம் ஓடியது. முன்னால் மேனேஜர், பின்னால், தென்மாவட்டங்களிலிருந்து வந்திருந்த புதிய பெண்கள். பாதிக்கு மேல், மேனேஜர் கைகட்டிச் சிரிக்கும் புகைப்படம் வந்தது. அக்காவின் குரல் நிதானமாகச் சொன்னது: "இதைப் பார்த்தீங்கன்னா உடனே தனியா எடுத்து வெச்சிருங்க. இது டேமேஜுங்க."

அடுத்து, டீக்கேனின் புகைப்படம். "இவருதாங்க நம்ம மேனேஜரு. என்ன கஷ்டம்னாலும் இவருகிட்டச் சொல்லுங்க."

"தொட்டா சுடுமாக்கா?" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. சிரிப்பில் கேன்டீனே அதிர்ந்தது.

அக்காவின் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் குரலை அணைத்தார். முதல் புகைப்படத்துக்குத் திரும்பி, ஒவ்வொன்றாக நிறுத்தி, தானே விளக்கினார். சிரித்தவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எண்ணெய்க் கறை பட்டால் என்ன செய்வது, ஊசி ஓட்டை எப்படித் தெரியும் என்று. இரண்டு நிமிடப் படம் ஒரு மணி நேரம் ஓடியது.

மேனேஜர் கடைசிவரை அசையவில்லை. பிறகு, "திங்கக்கிழமையிலிருந்து நீங்களே பயிற்சி குடுத்துருங்க. படத்தையும் சரி பண்ணீருங்க" என்றார்.

"பண்ணீர்றனுங்க சார். அந்த டேமேஜு..."

"அது மட்டும் அப்படியே இருக்கட்டுமுங்க. டேமேஜைத் தனியா எடுத்து வெக்கறத இனி யாரும் மறக்க மாட்டாங்க."

இப்போதும் புதியவர்கள் சேரும்போதெல்லாம் அந்தப் படம் ஓடுகிறது. மேனேஜரின் புகைப்படம் வந்ததும், சிரிப்பு அடங்கட்டும் என்று அக்கா சற்று நிறுத்துகிறார். அந்த நேரம் பார்த்து, ஏதோ வேலை இருப்பதுபோல, மேனேஜரும் கேன்டீன் பக்கம் வந்துவிடுகிறார்.