இரும்பில் வைத்த கை

திரேசா அக்காவின் மகள் மெலனி ‘உண்ட்ஸ்கில்’ என்று டேனிஷில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினாள், வேலை நேரத்தில் போன் எடுத்ததற்காக. பிறகு தமிழுக்கு வந்தாள். “அன்ரி, அம்மா விடிய ஆறு மணிக்குப் போயிட்டா.” நான் மீன் தொழிற்சாலையின் உடைமாற்றும் அறையில், ஒரு கால் ரப்பர் சப்பாத்துக்குள்ளும் மற்றக் கால் வெளியிலுமாக நின்றேன். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், எதிர்பார்த்த செய்திதான். என்னை உலுக்கியது அவள் அடுத்துச் சொன்னது. “ஜூட் மச்சானும் வாறார். வெள்ளிக்கிழமை ஓல்போர்க்கில இறங்குறாராம். நீங்க போய் ஏத்திக்கொண்டு வருவீங்களா?”

ஓம் என்றேன். வேறென்ன சொல்ல?

திரேசா அக்காவை இந்த ஊர்த் தமிழர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். பேசாலைக்காரி, மீனவர் குடும்பம், எங்கள் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் மீன் வெட்டியவர், ஞாயிறு பூசைக்குப் பிறகு எல்லோருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுத்தவர். அவருடைய தம்பி மகன் ஜூட் நாலு வருடமாக அவரோடு பேசவில்லை என்பதும் தெரியும். “மருமகன்ர வேலையைக் கெடுத்தவ” என்று சிலர் கதைத்தது என் காதுக்கும் வந்தது. நடந்தது என்ன என்று முழுதாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாயாடி என்று பேரெடுத்த நான்!

ஜூட் அப்போது ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில், ஒரு சின்னத் துறைமுக ஊரில், மீன்பிடிப் படகில் வேலை செய்தான். அவனுடைய விசா அந்தப் படகோடு கட்டப்பட்டது. கப்டன் வேண்டாமென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவனைப் பார்க்க வெளிக்கிட்ட அக்கா, ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கல் வீடுகள் எல்லாம் கடலுக்குப் பக்கச்சுவரைக் காட்டிக்கொண்டு, காற்றுக்குப் பயந்தவை போல நெருக்கமாக நின்றன. பழைய மீன் கொட்டில் ஒன்றை அருங்காட்சியகமாக்கி இருந்தார்கள். அங்கே ஒரு பழைய படம்: வரிசையாக நின்று மீன் வெட்டும் பெண்கள், விரல்கள் எல்லாம் துணிச்சுற்று. அக்கா பிளாஸ்டர் ஒட்டிய தன் விரல்களைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இவளவை என்ர ஆக்கள்” என்றார்.

வெளியே வந்ததும் ஜூட்டின் படகைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்கட ஊரில பாதர் வந்து தீர்த்தம் தெளிக்காமல் புது வலை கடலைத் தொடாது. இவங்கட வலை புதுசு போலக் கிடக்கு.” அவ்வளவுதான். கேட்கவில்லை, ஆசைப்பட்டதாகவும் காட்டவில்லை. நான் சைவக்காரி, எனக்கு என்ன தெரியும்? ஆனால் அக்காவுக்கு ஒரு சந்தோசம் கொடுப்போமே என்று பட்டது. அவருக்குச் சொல்லாமல் பக்கத்து நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போன் எடுத்தேன். அந்தப் பாதர் வெளிநாட்டுக்காரர், வந்து ஆறு மாதம்தானாம். நல்ல மனுசன், உடனே சம்மதித்தார்.

மறுநாள் பத்து மணிக்குப் படகு புறப்பட இருந்தது. கறுப்பு அங்கியும் தீர்த்தச் செம்புமாகப் பாதர் துறைமுகத்தில் நடந்து வந்தார். படகுத் தளத்தில் வேலையாக நின்றவர்களின் கைகள் அப்படியே நின்றன. ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கப்டன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். போதகரோ பாதிரியாரோ படகடிக்கு வந்தால் அன்றைக்குக் கடலுக்குப் போகக்கூடாது என்பது அந்த ஊர்ப் பழக்கம். பேசாலையில் எது காவலோ, அதுவே அங்கே கேடு. “யார் இவரைக் கூப்பிட்டது?” என்று கேட்ட கப்டன் நேராக ஜூட்டைப் பார்த்தார்.

ஜூட் வெளிறிப்போனான். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் சட்டென்று நடந்துவிட்டது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அக்கா முன்னுக்குப் போய், தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லையும் ஒன்றாக்கி, “நான். நான் கூப்பிட்டனான். பொடியன் இல்லை” என்றார்.

படகு அன்றைக்குப் போகவில்லை. அருங்காட்சியகத்துப் பெண் எங்களை உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் தந்தார். கேடு கண்டால் இரும்பைத் தொட்டுக்கொள்வார்கள், அதுதான் இங்கே பரிகாரம் என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அக்கா தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார். படகு கட்டும் இரும்புக் குற்றியில் கையை வைத்தார்.

அடுத்த நாள் படகு போனது. பின்னேரமே காற்று மாறிவிட்டது. “இனி அந்தப் படகுக்கு என்ன நடந்தாலும் என்ர தலையிலதான்” என்று அக்கா சொன்னபோது நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன், தலை என்னுடையது என்று தெரிந்ததால். மூன்று நாள் பகலெல்லாம் அந்தக் குற்றியடியில் நின்றார். நான் குடை பிடித்தேன். குடை இரண்டாம் நாளே முறிந்தது. நாலாம் நாள் மதியம் வரவேண்டிய படகு இரண்டு மணிக்கும் வரவில்லை, மூன்றுக்கும் வரவில்லை. ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வந்து எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

நாலரைக்கு வந்தது. வலை போய்விட்டது, ஒருவனுக்குக் கை முறிந்திருந்தது. ஜூட் முழுதாக இறங்கினான். அக்கா “என்ர ஆண்டவரே” என்று குற்றியிலேயே சாய்ந்துவிட்டார். கப்டன் அரைமணி நேரத்தில் ஜூட்டிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். ஜூட் எங்களிடம் வந்தான். “உங்கட கோயில் வேலையை இஞ்ச ஆர் மாமி கேட்டது? இனி எனக்குப் போன் எடுக்காதேங்கோ.”

அவன் பின்னால் ஓடப்போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார். அறைக்கு வந்தும் விடவில்லை. “நீ வாயை மூடு வதனி. என்னில கோவிச்சால் ஒருநாள் வருவான், நான் அவன்ர மாமி. உன்னில கோவிச்சால், உன்னைக் கூட்டிக்கொண்டு வந்த என்னிலயும் கோவிப்பான். ஒரு ஆளில கோவிச்சால் காணும், ரெண்டு பேரில வேண்டாம்.” பிறகும் பலமுறை சொல்லப்போனேன், ஒவ்வொரு முறையும் மறித்தார். மறித்தது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. அதை இங்கே ஒளிக்கப்போவதில்லை.

ஜூட்டுக்கு வேறு துறைமுகத்தில் வேலை கிடைத்த செய்தி அக்காவின் தம்பி மூலம் வந்தது. அன்றிலிருந்து தினமும் வேலை தொடங்குமுன் அக்கா மீன் வெட்டும் மேசையில் உள்ளங்கையை வைத்து நிற்பார். “இது ஸ்டீல் அக்கா” என்று கேலி செய்தால், “இரும்புக்குச் சொந்தம்தானே, கேக்கும்” என்பார். கடைசி நாளிலும் கட்டில் கம்பியைப் பிடித்தபடிதான் கிடந்தார். தாதி வலி என்று நினைத்து மருந்து கொண்டுவந்தார். வலியில்லை என்று அவருக்குச் சொல்ல எனக்கு டேனிஷ் வரவில்லை, அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தின் கார் தரிப்பிடத்திலேயே சொல்லிவிட்டேன். எஞ்சினைக்கூடப் போடவில்லை.

“ஜூட், அந்தப் பாதரைக் கூப்பிட்டது மாமி இல்லை. நான்.”

அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மாமி தானெண்டு சொன்னாவே.”

“என்னையும் உன்னையும் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னவ.”

“ஒவ்வொரு நத்தார் திருநாளும் மாமி போன் அடிச்சவ, அன்ரி. நான் ஒருக்காலும் எடுக்கேல்லை.” குரல் உடைந்தது. “இனி நான் ஆரோட கோவிக்கிறது?”

“என்னோட” என்றேன்.

இறங்கி, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். திரும்பி வர வெகுநேரம் ஆனது. “போவம்” என்றான். மெலனி வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். மறுநாள் அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கினவர்களில் முன்னுக்கு நின்றவன் அவன்தான், நீங்கள் பார்த்தீர்கள்.

மருமகனின் வேலையைக் கெடுத்தவள் என்று இனி யாராவது கதைப்பதென்றால் ஆளை மாற்றிக் கதையுங்கள். மெலனி அக்காவின் சேலை ஒன்று தந்தாள், அலமாரியில் இருக்கிறது. நான் அவரிடமிருந்து வைத்துக்கொள்வது அது அல்ல. ஜூட்டின் கோபம் முதலிலிருந்தே எனக்குரியது. நாலு வருடம் அக்கா எனக்காக வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் வந்திருக்கிறது. அவன் என்னோடு பேசுவதில்லை. நான் காலையில் அவருடைய மேசைக்குப் போய் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறேன். ஜூட் கடலில் இருக்கிறான்.